கிராஞ்சிக் கம்பத்தில் பிலோமினா அக்கா கட்டவைத்த கழிப்பறைகள்

பிலோமினா அக்கா காலமான செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் லாரி ஓட்டும் மாணிக்கம். "மதி, அக்கா போயிட்டாங்க. அவங்க கிளமெண்டி வீட்டு பிளாக்குக்குக் கீழதான் உடம்ப வச்சிருக்காங்க. நீ வந்துடு" என்றார். அக்கா இரண்டு ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர். சிங்கப்பூரின் கிராஞ்சிக் கம்பத்தில், அந்தப் பழைய கிராமத்துக் குடியிருப்பில், எங்களோடு இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்தார். நான் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த ஆர்க்கிட் தோட்டத்தில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை. ஆண்கள் புதருக்குப் போவார்கள். பெண்கள் விடியுமுன் ஓடைக்கரைக்குப் போவோம். கம்பத்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு திரும்பத் திரும்ப வார்டுக்கு வருவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "மருந்து குடுத்து அனுப்புறோம். பிள்ளை அதே ஓடைக்குத்தானே போகுது" என்றார் ஒருநாள்.

அவருடைய தேவாலயத்துப் பெண்கள் சேர்த்துக் கொடுத்த தொகையைக் கழிப்பறை கட்டக் கடனாகக் கொடுப்பது, மாதத் தவணையில் திரும்ப வருவதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது என்பது அவர் யோசனை. இந்துக் குடும்பங்கள் தயங்கின. பணத்தை வாங்கினால் பிறகு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்களோ என்று பயம். அதனால்தான் விபூதி பூசிய என்னையும் பணப்பொறுப்பில் சேர்த்துக்கொண்டார். இனாமாகவே கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டபோது அவர் சொன்னது இது: "சும்மா குடுத்தா அது சர்ச் கக்கூஸ். தவணை கட்டினா அது உங்க வீட்டு கக்கூஸ்."

இன்னொரு கேள்வியும் எழுந்தது. கவர்மெண்ட் எப்படியும் நம்மை அடுக்குமாடிப் பிளாட்டுக்கு அனுப்பத்தான் போகிறது, பிறகு இங்கே எதற்குக் கட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். அக்கா கேட்டவரைப் பார்த்து, "பிளாட் கிடைக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. அன்றைக்கே மூன்று வீடுகள் சம்மதித்தன.

முதல் பீங்கானைச் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வாங்கி, நானும் அவரும் பஸ்ஸில் கொண்டுவந்தோம். பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். டிக்கெட் கொடுக்க வந்தவர் தமிழர்தான். என்ன சாமான் என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கக்கூஸ் பீங்கான் லா. புதுசுதான், பயப்படாதீங்க" என்றார் அக்கா, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

கடன் வாங்கும் முறை மாணிக்கத்துக்கு வந்தது. பணத்தை மோட்டார் சைக்கிளுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டார். அவர் மனைவி கனகம் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. மழை பெய்த ஒரு விடியலில் ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தாள். அக்கா வேலை செய்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். குழந்தை தங்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில், அந்த வீட்டுக்கு இனி ஒரு காசு கொடுக்கக் கூடாது என்றார்கள். மோட்டார் சைக்கிளைப் பிடுங்க வேண்டும் என்றும் சிலர் சொன்னார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார். "கடன் வாங்கினது மாணிக்கம். விழுந்தது கனகம். கனகத்துக்கு நாம இன்னும் எதுவுமே குடுக்கல." பெண் பெயரில் கடன் கொடுத்து யார் கட்டுவது என்று ஆண்கள் கத்தினார்கள். "அவ கட்டுவா. கட்டலன்னா என் சம்பளத்துல புடிச்சுக்குங்க" என்றார்.

கனகம் பெயரில் கடன் எழுதப்பட்டது. மாணிக்கம் யாரும் கேட்காமலே வண்டியை விற்று, பழைய கடனைக் கட்டினார். குழியை அவரே தோண்டினார். நான் போனபோது மார்பளவு பள்ளத்துக்குள் நின்று, நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு எல்லாக் கடனும் பெண்கள் பெயரில்தான். அக்கா மட்டும் அவரோடு பேசவில்லை. அடுத்த பிள்ளை பிறந்து, அதை மாணிக்கம் தூக்கிக்கொண்டு அக்கா வாசலில் வந்து நின்ற அன்றுதான், "உள்ள வா" என்றார்.

எண்பதுகளில் கம்பத்தைக் காலி செய்தோம். அக்கா கிளமெண்டிக்குப் போனார், நாங்கள் புக்கிட் பாத்தோக்குக்கு. கட்டியதையெல்லாம் இடித்துத் தள்ளினார்கள். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு? இத்தனை வருஷம் பொண்ணுங்க இருட்டுல ஓடைக்குப் போகல. அது போதும்" என்றார்.

ஒரு வீடு கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும்போது அக்கா பாராட்டமாட்டார். பணத்தை வாங்கி வைத்துவிட்டு, "அடுத்தது எந்த வீடு?" என்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். என் மாடியில் இருக்கும் மலாய்க்கார அம்மா குளியலறையில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். நாலு வீட்டார் பணம் போட்டு, சுவரில் கைப்பிடி பொருத்திக் கொடுத்தோம், அக்கா வழியில் தவணைக் கடனாகத்தான். அடக்கம் முடிந்து நான் வீடு திரும்பிய மாலை, அந்த அம்மா தன் முதல் தவணையோடு என் கதவைத் தட்டினார். வாங்கி வைத்துவிட்டு, வேறு எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். யோசித்து, பத்தாவது மாடி என்றார்.