நாற்பத்தைந்து டிகிரி

கிளாஸை முதலில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்குகிறார் ஆனந்தராஜ். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு மூக்கு உள்ளே போகிறது, மூன்று இழுப்பு. மீசையில் ஒட்டிய நுரையைத் துடைக்காமல், மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையைப் பார்த்துச் சொல்கிறார்: "இதுல உசுரே இல்லடா. வெறும் கேஸு."

எதிரே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருக்கும் இளையபெருமாள் அதே பீரில் பாதியை அதற்குள் முடித்திருப்பார். கொட்டகை அவருடையது. சுற்றியுள்ள வேர்க்கடலைக் கொல்லையும், அதில் விளைந்து தட்டில் ஆவி பறக்கும் வேகவைத்த மல்லாட்டையும் அவருடையவை.

"குடிக்கிறியா, ஜாதகம் பாக்கறியா?" என்பார். ஒரு மல்லாட்டையை உடைத்து, தோலை ஆனந்தராஜின் காலடியில் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, ராஜகிரி மலை தெரிகிற அந்தக் கொட்டகையில் இது தவறாமல் நடக்கிறது. மூன்றாவது ஆள் தனசேகரன். பத்திர எழுத்தர். எதைக் குடித்தாலும் கருத்துச் சொல்லாதவர் என்பதால் இரண்டு பேருக்கும் நண்பர்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் ஆனந்தராஜுக்குக் குழாய்க் கடை. பி.வி.சி. பைப், போர்வெல் மோட்டார், வால்வு, வாஷர். கடை வைப்பதற்கு முன் நான்கு வருடம் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இருந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு சூட்கேஸ், தீராத கழுத்து வலி, பீர் பற்றிய அபிப்பிராயங்கள். சூட்கேஸ் உடைந்துவிட்டது. கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்க்கிறார். அபிப்பிராயங்கள்தான் நாளுக்கு நாள் பெருகுகின்றன.

குழாயைத் திருப்பிப் பூட்டுகிற ஒன்றரை இஞ்ச் எல்போ கேட்டு வருகிற விவசாயி, ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கும் பூ, அதைத் தாராளமாகப் போட்டால் பாகற்காய் மாதிரி கசக்கும், அந்தக் கசப்புக்குத்தான் ஐ.பி.ஏ. என்று பெயர், என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எல்போவை வாங்க முடியும். வாங்காமலே எதிர்க் கடைக்குப் போனவர்களும் உண்டு.

சனிக்கிழமை மத்தியானம் புதுச்சேரி பஸ் ஏறிவிடுவார். அங்கே சொந்தமாக பீர் காய்ச்சி ஊற்றுகிற ஒரு கடையில் நான்கு சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வழியில் செக்போஸ்ட் இருப்பதால் பாட்டில் கொண்டுவர முடியாது. ஆகவே வருணனையைக் கொண்டுவருகிறார். பைப் கம்பெனி இனாமாகக் கொடுத்த டைரியில் எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் உண்டு. கோதுமை பீர்: வாழைப்பழம், லேசாகக் கிராம்பு, ஏழரை. ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர்: தீய்ந்த காபி, எட்டு. மறுநாள் நண்பர்கள் உள்ளூர்க் கடைச் சரக்கைக் குடித்தபடி புதுச்சேரி பீரைக் காதால் கேட்க வேண்டும்.

"வாழப்பழ வாசன வேணும்னா வாழப்பழத்தத் துன்னுட்டுப் போயேன். இன்னாத்துக்கு பஸ்ஸேறி இம்மாந்தூரம் போற?" என்று ஒரு முறை தனசேகரன்கூடக் கேட்டுவிட்டார்.

ஆனந்தராஜ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு டைரியில் மார்க் இல்லை.

பிரஷர் கேஜ் வந்த அட்டைப்பெட்டியில், அதே தெர்மாகோலுக்குள் பொதிந்து, தன் காம்பு வைத்த கண்ணாடி கிளாஸை எடுத்து வருவார். சட்டைப் பையில் ஒரு நாற்பத்தைந்து டிகிரி எல்போ இருக்கும். பீர் ஊற்றும்போது கிளாஸ் எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு அது அளவு. யாராவது நிமிர்த்திப் பிடித்து ஊற்றினால் எல்போவை வெளியே எடுத்துக் காட்டுவார். "இந்தச் சாய்வு. இதான். இல்லன்னா நுரை செத்துடும்."

இளையபெருமாளுக்குப் பிடித்தது ஸ்ட்ராங் பீர். அதில் இரண்டு ஐஸ் கட்டி, ஒரு சிட்டிகை உப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆனந்தராஜ் எழவு வீட்டுக்கு வந்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஓர் ஆடி முதல் ஞாயிறு, திருப்பிக்கொள்வதோடு நிற்கவில்லை. கையை விட்டு ஐஸை எடுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டார்.

இளையபெருமாள் கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அடுத்த வாரம் என் மச்சான் பெங்களூர்லேந்து வர்றான். உங்க ஜாதி பீரு ஒண்ணு கொண்டாறச் சொல்றேன். இன்னா ஏதுன்னு நீ சொல்லு. சரியா சொல்லிட்டன்னா ஐஸ விட்டுடறேன், நீ ஊத்தறதக் குடிக்கிறேன். தப்பாப் போச்சுன்னா, அடுத்த ஆடி வரிக்கும் இந்தக் கொட்டாயில பீரப் பத்தி நீ மூச்சு வுடக் கூடாது."

தனசேகரன் உடனே பேனாவைத் திறந்தார். பத்திர பாஷையில், ஷெ கொட்டகையில், ஷெ பானம் குறித்து, ஷெ ஆனந்தராஜ் யாதொரு அபிப்பிராயமும் சொல்லக் கடவதில்லை என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

சிரித்துக்கொண்டேதான் ஆனந்தராஜ் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்கு வருபவர்கள் எல்போ மட்டும்தான் தேடுகிறார்கள். வீட்டில், அவர் ஹாப்ஸ் என்று தொடங்கினால் மனைவி சாமுண்டீஸ்வரி மிக்ஸியைப் போடுகிறார். காது கொடுக்க உலகத்தில் மிச்சம் இருப்பவை அந்தக் கொட்டகையின் இரண்டு ஜோடிக் காதுகள். அவையும் ஒரு வருடத்துக்கு மூடிக்கொண்டால்?

அந்த வாரம் முழுக்க நாக்கைப் பத்திரப்படுத்தினார். வெங்காயம் இல்லை, ஊறுகாய் இல்லை. ஞாயிறு காலை தெரு அங்காளம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். சாமுண்டீஸ்வரியும் இரண்டு நாள் புளிக்கவைத்த கேழ்வரகு மாவில் ஓர் அண்டா காய்ச்சியிருந்தார். வருடா வருடம் போல ஆனந்தராஜ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "ஊசிப்போன நாத்தம்" என்று கடைக்கு ஓடிவிட்டார். கூழுக்கு டைரியில் பக்கமே கிடையாது.

மூன்று மணிக்கு இளையபெருமாள் ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கோடு வந்தார். ஆனந்தராஜ் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தார். கலங்கிய பழுப்பு நிறம். மேலே மெல்லிய நுரை. மூக்கு உள்ளே போனது. கொட்டகையில் மோட்டார் சத்தம் மட்டும். ஒரு மிடறு, வாயில் சுழற்றி, விழுங்கி, கண்ணை மூடினார். திறந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"பெல்ஜியம்டா," என்றார். "பெங்களூர்ல யாரோ பெல்ஜியம் முறையில காய்ச்சிருக்கான். பார்லி கம்மி, வேற ஏதோ தானியம். ஈஸ்ட்ட இவன் போடல; காத்துல இருக்கறது தானா எறங்கிப் புளிக்க வெச்சிருக்குது. மரப் பீப்பாய்ல ரெண்டு வருசமாவது தூங்கியிருக்கும். பணிவான புளிப்பு." டைரியைத் திறந்தார். ஒன்பதே கால். இதுவரை எதற்கும் கிடைக்காத மார்க்.

"தூங்கல," என்றார் இளையபெருமாள். "காலையிலதான் உங்க தெரு கோயில்ல ஊத்தனாங்க. உன் வூட்டுத் தங்கச்சிதான் வேட்டித் துணில வடிகட்டிக் குடுத்துச்சு. பாதி சோடா, அது நான் கலந்தது."

மல்லாட்டைத் தட்டு கவிழும் அளவுக்குத் தனசேகரன் சிரித்தார். ஆனந்தராஜ் எழுந்து நின்றார்.

"வேற தானியம்னு சொன்னனா இல்லியா? காத்து ஈஸ்ட்டுன்னு சொன்னனா இல்லியா? சொல்லுங்கடா!"

உண்மைதான். புதுச்சேரி போய்வந்த அத்தனை சனிக்கிழமைகளிலும் அவர் இவ்வளவு சரியாக எதையும் சொன்னதில்லை. ஆனால் தீர்ப்பு பத்திர எழுத்தர் கையில் இருந்தது.

"செஞ்சிய பெல்ஜியம்னுட்ட. ஊர் பேரே தப்பு. அந்தப் பத்திரத்த எவன் ரிஜிஸ்டர் பண்ணுவான்?"

இளையபெருமாள் தன் கிளாஸில் ஐஸ் போட்டார். இரண்டுக்குப் பதில் நான்கு கட்டி. ஆனந்தராஜ் வாயைத் திறந்தார், தனசேகரன் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார், மூடிக்கொண்டார். மல்லாட்டை உடைகிற சத்தம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது, சாமுண்டீஸ்வரி அண்டாவைக் கழுவப்போட்டு, மிச்சக் கூழை சொம்பில் ஊற்றி வைத்திருந்தார்.

"ஒம்போதே காலாம்," என்றார், முகத்தைப் பார்க்காமல். "தனசேகரு போன் பண்ணாரு. மிச்சம் இருக்குது. ஊத்தட்டா, இல்ல நாத்தம் அடிக்குதா?"

ஒப்பந்தம் கொட்டகைக்கு மட்டும்தான். வீட்டில் பேசத் தடையில்லை. அவர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். தெர்மாகோலிலிருந்து கிளாஸை எடுத்து, லுங்கி நுனியால் துடைத்தார். சாமுண்டீஸ்வரி சொம்பைத் தூக்கினார். ஆனந்தராஜ் காம்பைப் பிடித்து கிளாஸை மெல்லச் சாய்த்தார். மறு கையால் சட்டைப் பையிலிருந்த எல்போவை எடுத்து, பக்கத்தில் வைத்து, சாய்வைச் சரிபார்த்துக்கொண்டார்.