ஆட்டு இதயத்தில் குத்திய ஊசி

கல்லூரியில் இரைப்பையைப் பற்றிப் பாடம் நடந்த அன்று, அங்கே சுரக்கும் அமிலம் எதையும் அரித்துவிடும் என்று ஆசிரியர் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் நம்பவில்லை. பெரியவள் உடனே நம்பினாள். முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் ஓரகத்தியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே நம்பினாள். மூன்று மாதமாக அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அது எந்த உறுப்பில் எரிகிறது என்று அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே சமையற்கட்டு, ஒரே மாமியார். போதாக்குறைக்கு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. பெரியவள் வார்டில் ஆயா. சின்னவள் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். அந்த வேலையையும் பெரியவள்தான் மேஸ்திரியிடம் நாலு நடை நடந்து வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டியதில்லை. மனசுக்குள் தினமும் சொல்லிக் காட்டினாள்.

பெரியவளுக்கு நர்ஸாக வேண்டும். இது நேற்று முளைத்த ஆசை இல்லை. கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள், பீத்தட்டு எடுத்து, வாந்தி துடைத்து, கனத்த உடம்புகளைப் புரட்டிப் படுக்கவைத்து இடுப்பு தேய்ந்துபோனவள். மகள் வயசுப் பெண்கள் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து, “ஆயா, இங்க வா” என்று விரலைச் சொடுக்குவார்கள். அவளும் போவாள். போகிற வழியில் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் முணுமுணுத்துவிட்டுத்தான் போவாள். அந்த வெள்ளை உடுப்பு ஒன்று தன் உடம்பில் ஏறிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. உடம்பின் அமைப்பும் அது இயங்கும் விதமும் பற்றிப் பக்கத்துக் கல்லூரியில் ஒரு தொடக்கப் பாடம் நடக்கிறது. ஆஸ்பத்திரி ஊழியர்கள் சேரலாம். கட்டணத்தை ஆஸ்பத்திரியே கட்டும். செய்முறைத் தேர்வில் எந்த ஊழியர் முதலாவதாக வருகிறாரோ அவரைச் சம்பளத்தோடு நர்ஸ் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு இடம். பெரியவள் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் அவள் பெரியவள் இல்லையே. ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமையடித்தாள். மறுநாள் சின்னவளும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அக்கா போகும்போது தனக்கும் தைரியம் வந்துவிட்டது என்றாள். மாமியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு மருமகள்களும் காலேஜ் போகிறார்கள் என்று தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்போதே பெரியவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. இவள் துணி வெளுக்கிறவள். இவளுக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும்? பாதியில் ஓடி வந்துவிடுவாள். கணக்கு தப்பாகப் போனது.

பெரியவள் படித்த விதம் வேறு. இருநூற்றுச் சொச்சம் எலும்புகளின் பெயரையும் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் மந்திரம் மாதிரி உருப்போட்டாள். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள் என்றே சொல்லலாம். சின்னவள் வீட்டில் புத்தகத்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டு ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி இருப்பாள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவளைப் பிடிக்க முடியாது. அங்கே மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, விறைத்துக்கொண்டு எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற தோரணையில் நிற்கும். மாணவர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னவள் வகுப்பு முடிந்த பிறகும் மாப்பிள்ளையைச் சுற்றிச் சுற்றி வருவாள். கையைத் தூக்குவாள், முட்டியை மடக்குவாள், பிறகு தன் கையையும் முட்டியையும் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் ஆசிரியர் ஒரு தொடையெலும்பை மேஜையில் வைத்து, இது வலது காலுடையதா இடது காலுடையதா என்று கேட்டார். ஆள் வற்றலாக இருப்பார். முதல் மாதம் முழுக்க எலும்பே நடத்தியதால் எலும்பு சார் என்றே எல்லாரும் அழைத்தார்கள். அவர் பெரியவளைத்தான் முதலில் கேட்டார். அவளுக்கு அந்த எலும்பின் பெயர் தெரியும், அதிலுள்ள முண்டு, பள்ளம், வரப்பு எல்லாவற்றின் பெயரும் தெரியும். எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னவள் எழுந்து வந்து அதை வாங்கித் தன் தொடையோடு சேர்த்து வைத்துப் பார்த்து, “வலது சார்” என்றாள். பெயரை மனப்பாடம் பண்ணினால் போதாது, பொருளைப் பார்க்கத் தெரியணும் என்று எலும்பு சார் வகுப்புக்கே சொன்னார். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. பஸ்ஸில் ஓர் இருக்கை காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள், ஏனென்றால் அந்தக் காலி இருக்கைக்குப் பக்கத்தில் சின்னவள் இருந்தாள்.

அதற்குப் பிறகு சின்னவள் எது செய்தாலும் பெரியவளுக்கு ஆகவில்லை. அவள் சிரித்தால் கேலி, சும்மா இருந்தால் திமிர். “அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டால்கூட, முதல் மார்க் வாங்கப்போகிறவள் பெருந்தன்மை காட்டுகிறாள் என்று தோன்றும். பொறாமைப்படுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? தெரிந்தும் எரிந்துகொண்டேதான் இருந்தது.

செய்முறைத் தேர்வு ஒரு விசித்திரமான தேர்வு. ஆய்வுக்கூடத்தைச் சுற்றி மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பொருள்: ஓர் எலும்பு, ஓர் உறுப்பின் மாதிரி, கண்ணாடித் தகடு வைத்த மைக்ராஸ்கோப். பொருளில் ஓர் ஊசி குத்தியிருக்கும். ஊசி நிற்கும் இடத்தின் பெயரை எழுத வேண்டும். ஒரு மேஜைக்கு இரண்டு மார்க், பாதி சரியென்றால் ஒன்று. மணி அடித்ததும் எல்லாரும் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். எதையும் தொடக் கூடாது. ஊசி விழுந்துவிட்டால் கையைத் தூக்கி ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். இதை எலும்பு சார் இரண்டு தடவை சொன்னார்.

ஊழியர்களை வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி நிற்கவைத்தார்கள். பெரியவளுக்கு அடுத்து இருந்த இரண்டு பேர் ஏற்கனவே பாதியில் நின்றுவிட்டதால், அவளுக்கு நேர் பின்னால் சின்னவள் வந்து நின்றாள். பயமாக இருக்கிறது என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் கையை விடுவித்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

முதல் சில மேஜைகள் நன்றாகப் போயின. பிறகு இதயம் வந்தது. கசாப்புக் கடையிலிருந்து அன்று காலையில் வாங்கி வந்த ஆட்டின் இதயம், எனாமல் தட்டில் ஈரமாக உட்கார்ந்திருந்தது. மேலே இரண்டு ரத்தக் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. முன்னால் இருந்த குழாயில் சிவப்புத் தலை வைத்த ஊசி. பெரியவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அது. பல்மனரி ஆர்ட்டரி என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

மணி அடிக்க நேரம் இருந்தது. சும்மா நிற்க வேண்டியதுதானே? அவள் திரும்பிப் பார்த்தாள். பின் மேஜையில் சின்னவள் எழுதி முடித்துவிட்டு, சிறுநீரகத்தைத் தலை சாய்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தேர்வு எழுதுகிறவள் முகமா அது? பொம்மைக் கடையில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள். மூன்று மாதத்து எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து பெரியவளின் தொண்டை வரைக்கும் வந்தது. எலும்பு சார் அந்தக் கோடியில் யாருக்கோ மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவள் ஊசியைப் பிடுங்கினாள். பின்னால் இருந்த குழாயில் குத்தினாள். புடவையில் பின் குத்துகிற நேரம்கூட ஆகவில்லை. மணி அடித்தது.

அடுத்த மேஜையில் நுரையீரல் இருந்தது. தெரிந்த பெயரை எழுதிவிட்டு அவள் அதை மறுபடி பார்க்கவே இல்லை. அவளுடைய சொந்த இதயம் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தபோது சின்னவள் எனாமல் தட்டின் மேல் குனிந்து, மணி அடிக்கிற வரைக்கும் அந்த ஊசியையே வெறித்துக்கொண்டிருந்தாள். நல்லா பாரு, இன்னும் நல்லா பாரு என்று பெரியவள் மனசுக்குள் சொன்னாள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இனித்தது. அப்புறம்தான் சின்னவளுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கண்ணில் பட்டது. ஒரே ஒருத்தியை நினைத்து வைத்த ஊசியில் வரிசையே வந்து மாட்டப்போகிறது.

யாரும் மாட்டவில்லை. தேர்வு முடிந்து மேஜைகளைச் சரிபார்த்தபோது எலும்பு சார் கண்டுபிடித்துவிட்டார். ஊசி இடம் மாறியிருக்கிறது. யாருடைய கை பட்டதோ, எப்போது பட்டதோ தெரியாது. அதனால் அந்தக் கேள்வி எல்லாருக்கும் ரத்து என்று அறிவித்தார். ஊசி முதலில் எங்கே இருந்தது என்றுகூட அவர் சொல்லவில்லை. பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தனக்கும் ரத்து, அவளுக்கும் ரத்து, ஒன்றுக்கொன்று சரியாகப் போயிற்று என்று தேற்றிக்கொண்டாள்.

முடிவு வந்தபோது ஊழியர்களில் சின்னவள் முதல். பெரியவள் ஒரே ஒரு மார்க்கில் இரண்டாவது. அறிவிப்புப் பலகை முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். ஊசியை மாற்றாமல் விட்டு, இதயத்தின் இரண்டு மார்க் இருந்திருந்தால்? இருந்தாலும் என்ன, சின்னவளும்தான் சரியாக எழுதியிருப்பாள், அப்போதும் ஒரு மார்க் முன்னால்தான் இருந்திருப்பாள். இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் வீடு வந்து சேர முடிந்தது.

வீட்டில் மாமியார் போனும் கையுமாக இருந்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சின்னவள் நர்ஸாகப் போகிற சேதி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஞாபகம் வந்தவளாக, பெரியவளும் நன்றாகத்தான் எழுதினாள் என்று சேர்த்துக்கொண்டாள். பெரியவள் சமையற்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

சின்னவள் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்த இதயத்துக் கேள்விக்கு நான் எதுவுமே எழுதல. பார்க்கப் பார்க்க எனக்கு எல்லாம் புரியுது, ஆனா அந்தக் குழாய்ங்க பேரு மட்டும் தலையில நிக்கவே மாட்டேங்குது. அதை ரத்து பண்ணாம இருந்திருந்தா, இப்ப நீங்கதான் போயிருப்பீங்க.”

பெரியவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ரெண்டு மார்க். தான் சரியாக எழுதி, அடிக்கோடும் போட்டுவைத்த ரெண்டு மார்க். அதைத் தன் கையாலேயே பிடுங்கி, யாரைக் கவிழ்க்க நினைத்தாளோ அவளைத் தூக்கி மேலே உட்காரவைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை. இந்த நிலையிலும் இவள் வந்து உண்மையைச் சொல்லி நல்லவளாக நிற்கிறாளே என்றுதான் எரிந்தது.

பயிற்சியில் முதல் பாடமே இதயமாம். பெயர் தெரியாமல் போய் நின்றால் மானம் போய்விடும், கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள் என்று சின்னவள் தாளை நீட்டினாள். பெரியவள் மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் பேனாவை வாங்கிக்கொண்டாள். படம் வரைந்தாள். அறை அறையாகப் பெயர் சொன்னாள், ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று காட்டினாள். சின்னவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லத் திணறினாள், தலையில் குட்டிக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, இவளைவிட நான் மேல் என்று பெரியவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் குரல்கூட எலும்பு சார் குரல் மாதிரி ஆகிவிட்டது.

முன்னால் இருக்கும் குழாயில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். “இதுதான் பல்மனரி ஆர்ட்டரி. பரீட்சையில ஊசி இருந்தது இதுலதான்.”

சின்னவள் படத்தை உற்றுப் பார்த்தாள். “இல்லக்கா. பின்னாடி இருக்கிறதுல இருந்துச்சு. தடிச்ச குழாய்.”

பேர் தெரியாதவள் தன்னைத் திருத்துகிறாள். அதுவும் அன்றைக்குத் தொடையெலும்பில் நடந்த மாதிரி, மறுபடியும். பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எனக்குத் தெரியாதா? முன்னாடி இருக்கிறதுலதான் இருந்துச்சு. என் கண்ணால பார்த்துத்தான எழுதினேன்.”

“ஒரு நிமிஷம் முழுக்க அதையேதான்கா பார்த்துக்கிட்டு இருந்தேன். பின்னாடிதான்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். படத்தைப் பார்த்தாள். பிறகு பெரியவளைப் பார்த்தாள். மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவளாகச் சொன்னாள். “உங்களுக்கு அடுத்து நான்தானே வந்தேன்.”

யாராவது வழியில் இடித்திருக்கலாம், தானாக விழுந்திருக்கலாம் என்று சொல்லப் பெரியவளுக்கு எத்தனையோ இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள்கூட இல்லை என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? வெளியே மாமியார் இன்னொரு சொந்தக்காரருக்கு அதே சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் கத்துவாள், வீட்டைக் கூட்டுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். சின்னவள் அவள் கையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள். பின்னால் இருந்த குழாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

“இதுக்குப் பேரு என்ன?” என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா என்று முடிக்காமல் அவள் பெரியவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“அயோர்ட்டா” என்றாள் பெரியவள்.

சின்னவள் அதை எழுதிக்கொண்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.