முதல் டம்ளர்

ஆம்பூர் பக்கம் புதிதாகத் திறந்த முதுநிலைக் கல்லூரியின் விடுதியில் எல்லாமே பளபளத்தன. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வராந்தாவில் நின்ற ஆர்.ஓ. மிஷினை இந்தப் பக்கத்துக்காரிகளான நானும் பேரணாம்பட்டு ரேஷ்மாவும் தொடவே இல்லை. மிஷின் புதிதுதான், அதற்குள் போவது தோல் பதனிடும் ஆலைக் கழிவு இறங்கி உப்பாகிப்போன இந்த ஊர் போர் தண்ணீர்தானே? நாங்கள் இருவரும் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தோம்.

எங்கள் அறையின் மூன்றாவது பெண் கவிதா, மயிலாடுதுறைக்காரி. வந்த அன்றே அந்த மிஷினில் பிடித்து மடமடவென்று குடித்தாள்.

“அவகிட்ட சொல்லிடலாமாடி?” என்று ரேஷ்மாவிடம் கேட்டேன்.

“இரு. இவளுக்கு இன்னா ஆவுதுன்னு பாப்போம்.”

நானும் வாயை மூடிக்கொண்டேன். தினமும் காலையில், “வயிறு சரியா இருக்கா?” என்று கவிதாவிடம் அக்கறையாக விசாரிப்பேன். அவள் தும்மினால்கூட நானும் ரேஷ்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒருநாள் பெருமழை. கேன் வண்டி வரவில்லை. எனக்கோ காய்ச்சல், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கவிதா அந்த மிஷினில் ஒரு சொம்பு பிடித்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். முதல் டம்ளரை என் கண்ணெதிரே அவளே குடித்தாள். அடுத்ததை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

“இத்தனை நாளா ரெண்டு பேரும் என்னைப் பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க? நல்லாத்தான் இருக்கேன். குடி.”

தண்ணீர் துளிகூட உப்புக் கரிக்கவில்லை. ஏன் அன்றே சொல்லவில்லை என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போதும் அவள் டம்ளரை எடுத்தால் நான் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன், இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று.