பேரழிவு வந்தால் லிஃப்ட் ஓடும்

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய் சில மாதங்கள் ஆகியிருந்தபோதுதான், உலகம் அழியப்போகும் செய்தி அலுவலகத்துக்கு வந்தது. மேலிடத்து உத்தரவு. கொள்ளைநோய், எரிமலை, விண்கல் என்று உலகம் முழுவதையும் ஒரே அடியாகச் சாய்க்கக்கூடிய பேரழிவுகளுக்கு எல்லா வட்டாரங்களும் தயாராக இருக்க வேண்டுமாம். ஆண்டு முடிவதற்குள் ஓர் ஒத்திகை நடத்தி, படங்களோடு அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

நான் மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் பேரிடர்ப் பிரிவில் குமாஸ்தா. பேரிடர்ப் பிரிவு என்றதும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஓடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு அறை பிடிப்பது, கூடாரம் வாடகைக்கு எடுப்பது, சாப்பாடு சொல்வது, இவ்வளவுதான் என் பங்கு. வெள்ளம் வந்தாலும் புயல் அடித்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: சைவம் எத்தனை பேர்?

வீட்டில் நிலைமை வேறு. என் கணவர் எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. நாங்கள் குடியிருப்பதோ பதினோராவது மாடி. லிஃப்ட் நின்ற பிறகு அவர் மருத்துவமனைக்குப் போக மட்டும்தான் கீழே இறங்கினார். அதற்கும் என் தம்பிகள் இருவரும் ஜுருவிலிருந்து பாலம் தாண்டி வந்து தூக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் வாசல் நடைவழியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பார். "கீழ கடையில போயி உக்காந்து ஒரு தே தாரேக் குடிக்கணும், வேற ஒண்ணும் வேணாம்லா" என்பார். நுரை பொங்க ஆற்றித் தருகிற தேநீர்தான் அது. லிஃப்டுக்காக நான் புகார் கொடுக்காத இடமில்லை. சாமான் வரவில்லை என்பதே எல்லா இடத்திலும் பதில்.

ஒத்திகைக்கான முதல் கூட்டம் எந்தப் பேரழிவு என்பதை முடிவு செய்யக் கூடியது. கொள்ளைநோய் வேண்டாம், அதுதான் ஏற்கெனவே வந்து போய்விட்டதே, புதுசாக ஒன்றும் இருக்காது என்றார்கள். எரிமலை என்றால் சாம்பலுக்கு எங்கே போவது? விண்கல் படத்தில் எடுப்பாக வராது. கடைசியில் சூரியப் புயல் வென்றது. அது அடித்தால் உலகம் முழுக்க மின்சாரமும் தொலைபேசியும் போய்விடுமாம். விளக்கை அணைத்தால் போதும், செலவில்லை.

தேதி குறிப்பதுதான் பெரும்பாடு. நோன்பு மாதத்தில் உலகம் அழியக்கூடாது. சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் அழியக்கூடாது. தைப்பூசத்தில் அழிந்தால் போக்குவரத்துப் போலீஸ் கிடைக்காது. பள்ளிப் பரீட்சையிலும் கூடாது. எல்லாம் கழித்து மிஞ்சிய ஒரு சனிக்கிழமையை எங்கள் போஸ், அதாவது பிரிவின் மேலதிகாரி, பிடித்தார். அவர் சுங்கை பாக்காப்பிலிருந்து தினமும் வருகிற தமிழர், நல்ல மனிதர், அறிவியலில் நம்பிக்கை உள்ளவர். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சனிக்கெழம எத்தன மணிக்குக்கா ராகு காலம்?" என்று கேட்டார். அதையும் விலக்கிப் பேரழிவுக்கு நல்ல நேரம் குறித்தோம்.

இடம் எது என்ற பேச்சு வந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இந்த ஊரில் ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் ஒய்.பி. வர வேண்டும். மக்கள் பிரதிநிதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் வருகிற வழியில் பள்ளம் தானாக மூடிக்கொள்ளும், புல் தானாக வெட்டிக்கொள்ளும். வாயைத் திறந்தேன்.

"எங்க புளோக்ல வைக்கலாம் போஸ். மேல் மாடியில மாட்டிக்கிட்ட நோயாளிய மீட்கிற மாதிரி. ஒய்.பி. பதினோராவது மாடிக்கு வந்து அவருக்குத் தைரியம் சொல்றாரு. பின்னால கடல் தெரியும். படம் சூப்பரா வரும்."

போஸின் முகம் மலர்ந்தது. பிறகு வாடியது. "ஒய்.பி. எப்படிக்கா பதினோரு மாடி ஏறுவாரு?"

"லிஃப்ட்லதான்."

"ஓடுதா?"

"ஓட வைக்கணும்" என்றேன்.

மாதக்கணக்கில் வராத சாமான் ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. லிஃப்ட் ஓடியது, உள்ளே மின்விசிறிகூடச் சுற்றியது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். உலகப் பேரழிவை என் வீட்டு லிஃப்டுக்காக வளைத்துப் போட்டவள் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நோயாளியாக என் கணவரையே வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான நோயாளி சும்மா கிடைக்கிறார் என்றேன். போஸ் பதறிவிட்டார். "ஐயோ அக்கா, கீழ போட்டுட்டா? பேப்பர்ல வந்துரும்!" மீட்புக்கு ஆபத்தில்லாத ஆள்தான் வேண்டுமாம். கணக்குப் பிரிவில் இருந்த, அலுவலகத்திலேயே எடை குறைந்த ஒருவரை நோயாளியாக நியமித்தார்கள்.

சனிக்கிழமை காலை என் கணவர் சவரம் செய்து, பாத்திக் சட்டை போட்டு, ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே லிஃப்டில் கீழே இறங்கினார். திடலோரக் கடையில் தே தாரேக் வந்தது. முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். உலகம் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழியட்டும் என்று தோன்றியது.

பிறகு சூரியப் புயல் அடித்தது. மின்சாரம் முற்றிலும் நின்றுவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை என்பதை வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரிவித்தார்கள். ஒய்.பி. லிஃப்டில் பதினோராவது மாடிக்குப் போய்த் தைரியம் சொல்லிவிட்டு லிஃப்டிலேயே இறங்கினார். மீட்புக் குழுவினர் நான்கு பேர் அந்தக் கணக்குப் பிரிவுக்காரரைத் தூக்குப்படுக்கையில் கட்டிப் படிவழியே கொண்டு வந்தார்கள். அவர் முனகிய முனகலில் கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

"நல்லா நடிக்கிறாருலா. எனக்கு வந்தப்பகூட நான் இப்பிடிக் கத்தல" என்றார் என் கணவர்.

பாதிக்கப்பட்ட அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று ஒய்.பி. மேடையில் அறிவித்தார். கைதட்டல், படம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். சைவம் குறையவில்லை. அவருடைய கார் திரும்பியதும் கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

கணவர் இன்னொரு தே கேட்டார். குடிக்கட்டும் என்று விட்டேன். அவரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் கையில் ஒரு பெட்டியோடு வந்தார்.

"என்னண்ணே, என்னா ஆச்சு?"

"லிஃப்ட ஓட்டுற மின்சார போர்டைக் கழட்டிட்டேன்க்கா. இது பக்கத்துப் புளோக்கோட போர்டு. இங்க ஓடுனா அங்க ஓடாது. ரெண்டு நாளா அந்தப் புளோக்குக்காரங்க என்னைத் திட்டுற திட்டு இருக்கே, காது குடுத்துக் கேக்க முடியல."

"நம்மளுது?"

"சாமான் இன்னும் வரலக்கா."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்துப் புளோக்கிலும் முடியாதவர்கள் இருப்பார்கள். என் சாமர்த்தியத்துக்காக அவர்கள் வீட்டில் அடைந்து கிடந்திருக்கிறார்கள். நினைத்தபோது கூச்சமாக இருந்தது. ஆனால் என் கணவர் கீழே இருந்தார், வீடு மேலே இருந்தது. தம்பிகள் இருவருக்கும் அன்று வேலை.

போஸிடம் ஓடினேன். அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். ஒத்திகை முடிந்ததாக அறிவித்தாகிவிட்டது என்றார். "நம்ம பிளான்ல ஆளை எறக்குறது மட்டுந்தான்க்கா இருக்கு. ஏத்துறது இல்ல. யாரும் யோசிக்கல பாருங்க." இதை அவர் ஒரு கண்டுபிடிப்பைப் போலச் சொன்னார். எனக்கு அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் கத்த வேண்டும் போல இருந்தது.

மீட்புக் குழுவினர் நால்வரும் மரத்தடியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்த மலாய்க்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "போலே, காக்" என்றார். முடியும் அக்கா என்று ஒரே வார்த்தை. கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தார்கள்.

காலையில் நடித்தவரை இறக்கும்போது அவர்கள் எங்கும் நிற்கவில்லை. என் கணவரோடு ஒவ்வொரு வளைவிலும் நிற்க வேண்டியிருந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கு முட்டி மடங்கியது, சமாளித்துக்கொண்டார். ஒலிபெருக்கி இல்லை, படம் எடுக்க ஆளில்லை. மடக்கிய சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் மூச்சைக் கேட்டபடியே நான் பின்னால் ஏறினேன். மேலே வந்ததும் என் கணவர் ஒவ்வொருவர் கையையும் இடது கையால் பிடித்து நன்றி சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்ல மனுசங்க" என்றார். "ஆனா நெஜமாவே அப்பிடி ஒண்ணு வந்தா அவங்க அவங்க வீட்டுக்குத்தான் ஓடுவாங்க. ஓடணும்லா, அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. அப்ப நீ என்னைப் பாத்துக்கிட்டு நிக்காத. கீழ எறங்கிடு. என்னா?"

அலுவலகத்தில் எத்தனையோ கூட்டங்களுக்குத் தேநீர் சொல்லியிருக்கிறேன். உலகப் பேரழிவைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய ஒருவரையும் அங்கே கண்டதில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எறங்க மாட்டேன்" என்றேன்.

"அடம் பிடிக்காத. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, அப்படியானால் வீட்டில் அரிசி கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.