எலிக்குக் கொடுத்த ரேஷன்

லேப் அட்டெண்டராகச் சேர்ந்த முதல் நாளே நான் கொல்லிமலை ஏற வேண்டியிருந்தது. யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய் எல்லாத் தானியத்துக்கும் தட்டுப்பாடு. மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குக் கூலியோடு சாமையும் அவரைப் பருப்பும் அளந்து வந்தார்கள். சாமை எங்கேயும் கிடைக்கவில்லை, இனி மரவள்ளி மாவும் கொஞ்சம் கடலை எண்ணெயும்தான் என்று மேனேஜர் தீர்மானித்துவிட்டார். அது உடம்புக்கு நல்லது என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமே, அதற்காக எங்கள் டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. தீனியைச் சோதிக்கக் கொண்டுபோன வெள்ளெலிகள் கூண்டோடு கூலிக்காரர்கள் தலைமேல் சவாரி செய்தன. நாங்கள் மூச்சு வாங்க நடந்தோம்.

மலைமேல் செம்மேடு என்கிற ஊருக்கு அப்பால் தோட்டத்துக் குடோன்தான் லேப். ஒரு குரூப் எலிகளுக்குச் சாமையும் அவரைப் பருப்பும், இன்னொரு குரூப்புக்கு மரவள்ளி மாவும் எண்ணெயும். தீனி வைப்பது, எடை போடுவது, கூண்டு கழுவுவது என் வேலை. அந்தத் தோட்டத்தில் வேளை தவறாமல் சாப்பிட்டவர்கள் எலிகளும் மேனேஜரும் மட்டும்தான். காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் கூடையோடு ஜன்னலில் நின்று, எலிக்குத் தராசா என்று சிரிப்பார்கள்.

மரவள்ளி குரூப்புக்கு எடை கூடியது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டர் அவர் எதிரிலேயே இரண்டு குரூப்பிலும் ஓர் எலியை எடுத்து டிஸெக்‌ஷன் செய்து காட்டினார். மரவள்ளி தின்ற எலிக்குத் தோலுக்கு அடியிலும் கிட்னியைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. ஈரல் வெளுத்திருந்தது. தொடையில் சதையே இல்லை. சாமை தின்ற எலிக்குக் கொழுப்பு குறைவு, தொடை கெட்டியாக இருந்தது.

"ஏறினது கொழுப்பு சார், சதையில்லை. அதுவும் கூண்டிலே சும்மா உட்கார்ந்திருக்கிற பிராணிக்கு" என்றார் டாக்டர்.

"இந்தக் கூலிக்காரங்க உடம்புல அதுதானுங்க இல்ல. ஏறட்டும் உடுங்க" என்றார் மேனேஜர்.

அந்த வாரமே ரேஷன் மாறியது. மாசம் திரும்புவதற்குள் பெண்கள் கூடையோடு மேடு ஏற முடியாமல் பாதியில் உட்கார ஆரம்பித்தார்கள். பாப்பாயி என்கிற பெண்தான் பறிப்புக் கூட்டத்துக்குத் தலைமை. அவள் கைக்குழந்தைக்குப் பால் போதவில்லை. எனக்கு அந்த மாவைப் பார்த்தாலே ஆத்திரமாக வந்தது.

பழம் நன்றாகச் சிவந்திருந்த சமயம். ஒருநாள் காலை யாரும் தோட்டத்துக்குள் போகவில்லை. எல்லோரும் வந்து எங்கள் குடோன் வாசலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். மேனேஜர் கத்திக்கொண்டே வந்து, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

பாப்பாயி குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க, எலி திங்கறத எங்களுக்குக் குடுத்துட்டீங்க. எலி பாக்கற வேலையையும் குடுத்துருங்க. நாங்களும் இங்கயே குந்திக்கறோம்."

டாக்டர் சட்டென்று திரும்பித் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த தராசு.

கூலியை வெட்டுவேன், ஊருக்கு விரட்டுவேன் என்று மேனேஜர் குதித்துப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். பழம் உதிர ஆரம்பித்ததும், எங்கேயும் கிடைக்காத சாமை அதே மலையில் இருக்கும் குண்டனி நாட்டு ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

பிறகு பெரிய பெரிய லேப்களில் வேலை பார்த்துவிட்டேன். இந்தத் தீனியில் இவ்வளவு எடை ஏறியது என்று யாராவது பெருமைப்பட்டால், ஏறியது கொழுப்பா சதையா, அந்தப் பிராணி என்ன வேலை பார்த்தது என்று கேட்டுவிடுவேன். இளையவர்களே, நீங்களும் கேளுங்கள். சிலருக்குப் பிடிக்காது. அவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள்.