முருகையன் மகளின் பெயர்

ஐம்பதுகளின் இறுதியில், மட்டாஞ்சேரிப் படகுத்துறையருகே முருகையன் நடத்திய முடிதிருத்தகத்தில்தான் நான் வழக்கமாகச் சவரம் செய்துகொள்வேன். காய்ச்சலில் ஒரே மகளை இழந்த அவர், நான் போன அன்று காலைதான் மீண்டும் கடை திறந்திருந்தார்.

"மனச தைரியமா வெச்சுக்கோ, முருகையா. நீ ஆம்பளையோல்லியோ" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அவர் நுரை தடவினார். கத்தி என் தொண்டையை அடைந்தபோது அவருடைய கண்ணீர் என் நெற்றியில் சொட்டியது.

விசுப்பலகையில் காத்திருந்த மிளகுக்கிடங்குச் சுமையாளர் கேசவன் அதைக் கண்டு சிரித்தார். "எடா முருகையா, ஆணாப் பொறந்தவன் கரைஞ்சு அழலாமோ? சேலை வேணும்னா சொல்லு, நான் வாங்கித் தரேன்."

கத்தி என் கழுத்தைக் கீறிக்கொண்டு விலகியது. மறுகணம் முருகையன் கேசவன்மேல் பாய்ந்தார். கேசவனின் கன்னம் காதுவரை கிழிந்தது. சுவரெங்கும் இரத்தம் தெறித்தது. கத்தி மீண்டும் ஓங்கியபோது, முருகையனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவருடைய வலிமைக்கு நான் ஈடில்லை. வேறொன்றும் தோன்றாமல், "கொழந்தை பேரென்ன, முருகையா?" என்றேன்.

ஓங்கிய கை தாழ்ந்தது. "செல்லம்மா, சாமி. ஒருத்தரும் கேக்கல." கத்தியை நழுவவிட்டுத் தரையில் அமர்ந்து, காவலர் வந்து அழைத்துச் செல்லும்வரை கதறினார்.

கேசவன் பிழைத்துக்கொண்டார். துக்கத்திலிருக்கும் எவரிடமும் "நீ ஆம்பளை" என்று நான் இப்போது சொல்வதில்லை. இறந்தவரின் பெயரைக் கேட்டு, துக்கப்படுபவர் அழுது முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருக்கிறேன்.