போகிறவனுக்கு ஒரு தட்டு

சீனர்களின் டம்ப்ளிங்கைப் பற்றி யாராவது வாயூறப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துபாய்க்கு மாறிய பிறகு பார்க்கிறேன், மூங்கில் கூடையை நடுவில் வைத்து, படம் பிடித்துவிட்டுத்தான் தின்கிறார்கள். தின்றுவிட்டுப் போகட்டும். நான் அதை முதலில் பார்த்தது சவூதியில், ஜுபைலில், தகரக் கூரை போட்ட ஒரு மெஸ்ஸில்.

அங்கே எங்கள் சைட்டை எடுத்திருந்தது ஒரு சீனக் கம்பெனி. நானும் என் ரூம்காரனும் பைப் ஃபிட்டர்கள், இரண்டு பேருமே புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் ஃபோர்மேன் சீனாக்காரன். சீக்கிரம், முடிந்தது, இல்லை என்பதற்கு ஜல்தி, கலாஸ், மாஃபி என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை எங்களைத் திட்டுவதற்கு அவனால் முடிந்தது. அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அவர்கள் மெஸ் எங்கள் மெஸ்ஸுக்கு அடுத்தது. ஒருநாள் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் மேசையைச் சுற்றி நின்று மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, மடித்து ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கொழுக்கட்டை என்றார்கள். கொழுக்கட்டையாவது ஒன்றாவது, அச்சு அசல் சோமாஸ். ஒரு வெல்டர் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தான், அவன் முன்னால்தான் முதல் தட்டை வைத்தார்கள். மறுநாள் அவன் பெட்டியோடு ஏர்போர்ட் வண்டியில் ஏறிவிட்டான்.

கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை பாய்தான் விளக்கம் சொன்னார். "அது அவங்க வழக்கம் தம்பி. ஊருக்குப் பொறப்படுறவங்களுக்கு இதத்தான் செஞ்சு குடுப்பாங்க. வந்து எறங்குனவங்களுக்கு நூடுல்ஸ். மாவும் வினிகரும் நம்ம கடையிலதான் வாங்குறாங்க."

அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தப் பண்டம் என்றாலே டிக்கெட்தான். மெஸ்ஸில் மாவு தேய்த்தால் இன்றைக்கு யார் தலை என்று எட்டிப் பார்ப்போம். ஆளைத் துரத்திவிடுவதற்கு ஒரு பலகாரமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

வேலை முடிகிற கட்டம் வந்தது. இனி ஃபிட்டர் ஒருத்தர் போதும் என்று பேச்சு அடிபட்டது. என் ரூம்காரனா, நானா? அவன் வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. என் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். ரூமில் இரண்டு பேரும் அதைப் பற்றி மட்டும் பேசவே மாட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஃபோர்மேன் என்னைத் தன் மெஸ்ஸுக்குக் கூப்பிட்டான். போனதும் ஒரு தட்டை என் பக்கம் தள்ளினான். அதே சோமாஸ், ஆவி பறந்தது. இன்றைக்கு என் தலைதான் என்று நினைத்தேன்.

"நஹி சாயியே, வேண்டாம்," என்று தட்டைத் திருப்பித் தள்ளினேன். அவன் மறுபடி என் பக்கம் தள்ளினான். "அண்டா! அண்டா!" என்று கத்தினான். உள்ளே முட்டைதான், மாட்டுக்கறி இல்லையாம். "என்னத்த வச்சிருந்தா எனக்கென்னடா?" என்று நானும் தமிழிலேயே கத்தினேன். வினிகர் மேசையில் கொட்டியது.

அவன் போனை எடுத்து அதற்குள்ளும் கத்தினான். போனிலிருந்த மொழிபெயர்ப்பு ஆப்பின் பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல நிதானமாகத் தமிழில் சொன்னது: "இது உங்களுக்கு அல்ல. உங்கள் அறை நண்பர் நாளை ஊர் செல்கிறார். நான் அழைத்தால் அவர் வர மாட்டார். தயவுசெய்து கொண்டு செல்லுங்கள்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம், தொண்டைவரை. அது அடங்கிய பிறகுதான் அவன்மேல் முழுக் கோபமும் திரும்பியது. கழுத்தை அறுப்பது அவன், கத்தியைச் சுமப்பது நானா? ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டேன். எடுக்க மாட்டேன் என்றால் என் பெயரையும் அடித்துவிடுவானோ என்ற பயம்தான்.

ரூமில் ரூம்காரன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான். என் கையைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"ஒனக்குக் குடுத்தானா மாப்ள?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நீ இருக்க."

கையிலிருந்ததை அவனிடம் நீட்டினேன். தட்டை வாங்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். நாலு வருஷமாக ஊரிலிருந்து முறுக்கு வந்தாலும், மெஸ்ஸில் சண்டை போட்டுக் கோழித்துண்டு வாங்கினாலும், பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றவர்கள் நாங்கள். அன்றைக்கு அவன் ஒவ்வொன்றாக எடுத்து, அவசரமே இல்லாமல் மென்று, அத்தனையையும் தின்றான். எனக்கு ஒன்றுகூட நீட்டவில்லை.

பிறகு காலித் தட்டை என்னிடம் கொடுத்தான்.

"கழுவிக் கொண்டுபோயி குடுத்துரு. நாளைக்கி அவன்கூட ஒனக்கு டூட்டி இருக்குல்ல."